பெரிய கூடு

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில், வடை அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுண்டெலி உட்கார்ந்திருந்தது. எப்படி உள்ளே போனதோ தெரியவில்லை. உளுந்து வடை ஒன்றின் மேல் பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, முன்கைகளால் ஒரு துணுக்கைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கடித்துக்கொண்டிருந்தது. முதலில் கண்டவர் கத்தினார். பக்கத்து மேசைக்காரர் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "அது திங்கிறது நேத்து வடைங்க. இன்னைய வடைய நீங்க தைரியமாச் சாப்பிடலாம்" என்றார் கடைக்காரர். கடை முழுவதும் சிரித்தது.

நான் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். அதுவரை எலி என்றால் எனக்கு ஓர் ஓட்டம்தான். சுவரிலிருந்து அரிசி மூட்டைக்குப் போகும் ஒரு சாம்பல் கோடு. இப்போது அது என் கண்ணின் உயரத்தில், பக்கவாட்டில், வெளிச்சத்தில் இருந்தது. காதின் தோல் வழியே நரம்பு தெரிந்தது. வயிறு எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது என்று தெரிந்தது.

"கண்ணாடி! கண்ணாடியிலதான் செய்யணும்" என்றேன், கூட வந்திருந்த என் வகுப்புத் தோழியிடம்.

"என்னத்த? வடையவா?"

"கூடு, புள்ள. நம்ம எலிக்கு."

எங்களுக்கு ஓர் எலி இருந்தது. தோழியின் அண்ணன் கண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். அங்கே மிஞ்சிப்போன வெள்ளெலி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தங்கையிடம் கொடுத்திருந்தார். சிவப்புக் கண், இளஞ்சிவப்பு வால், என் பெருவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. தோழியின் வீடு அட்டனிலேயே, பஜாருக்குப் பின்னால் இருந்தது. அந்த வீட்டுப் பின்புறத்தில், ஆணியால் ஓட்டை போட்ட பால்மா டின்னுக்குள் அது பத்து நாளாகக் கிடந்தது. மூடியைத் திறந்தால் அடியில் போய்ப் பதுங்கும். மூடினால் கரகரவென்று சத்தம் மட்டும் வரும். பேருக்கு அவளுடையது என்றாலும் எலி என்னுடையதாகிவிட்டிருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். யாருடைய பொருளாக இருந்தாலும் அதில் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அது என்னுடையது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்து, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கியிருந்தேன். அம்மா அப்பா வேலை செய்த தேயிலைத் தோட்டம் லிந்துலைப் பக்கம். பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அன்று மாலை அந்த பஸ்ஸில் முன் சீட்டின் முதுகில் விரலால் படம் போட்டுக்கொண்டே வந்தேன். நீளம், உயரம், கீழே எவ்வளவு மண், சுரங்கம் தோண்டினால் எந்தப் பக்கத்திலிருந்து தெரியும். தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, ஏறும்போது ஓட்டமாகத்தான் ஏறினேன்.

அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"அம்மா, கண்ணாடியில ஒரு கூடு செய்யப்போறேன்."

அம்மாவின் கை நின்றது. "கூடா?"

"ஆமா. நாலு பக்கமும் கண்ணாடி வச்சு. நானே செய்வேன்."

"யாரு புள்ள ஒனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சேன்."

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சாக்கு நுனியால் கண்ணைத் துடைத்தார். "மனசுக்குள்ள நேந்துக்கிட்டது புள்ள. ஒங்கப்பாவுக்குக்கூட நான் சொல்லல. நீ பாஸானா மாதாவுக்குக் கூடு செஞ்சு வைக்கிறேன்னு. நீ பாஸாகி ஆறு மாசமாச்சு. என்னடா செய்யிறதுன்னு ராப்பகலா நெனச்சுக்கிட்டிருக்கேன், நீயே வந்து நிக்கிற."

மாதா கோயில்காரர்களாகிய எங்களுக்கு, மாதா சொரூபம் நிற்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் பேர் கூடுதான். திருநாளன்று அதைத் தோளில் தூக்கி வருவதைக் "கூடு சுத்துறது" என்போம். எங்கள் லயத்தின் கோடியில், கட்டிய மேடை மேல், கூட்டுக்குள் ஒரு மாதா நின்றார். பாம்பை மிதித்துக்கொண்டு, தலையில் மணிமுடியோடு. அந்தக் கூட்டின் மேல் போன மழைக்குச் சவுக்குக் கிளை ஒன்று முறிந்து விழுந்து, சட்டமும் கண்ணாடியும் ஒன்றாகப் போயின. சொரூபத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து மாதா உரப் பைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு நின்றார். அதை மாற்றிக் கட்டுவதும் துடைப்பதும் அம்மாதான். மாதாவின் நீலச் சாயத்தைப் பனி உரிக்கத் தொடங்கியிருந்தது.

இதெல்லாம் எனக்கு அரை நொடியில் விளங்கிவிட்டது. நான் மந்தமான பிள்ளை இல்லை. "இல்லம்மா, எலிக்கு" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். அம்மா அழுகையை நிறுத்தியிருப்பார், திட்டியிருப்பார், பிறகு சிரித்துமிருப்பார். எலிக்குப் பயந்து அரிசி மூட்டையைக் கயிற்றில் தொங்கவிடும் வீட்டில் எலிக்குக் கண்ணாடி வீடு என்றால் ஒரு வாரத்துக்குச் சிரிப்பு ஓடும்.

நான் சொல்லவில்லை. ஏனென்றால் அம்மா எழுந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரிலிருந்து படங்களைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

எங்கள் காம்பராவில், லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறையில், கண்ணாடி போட்ட படங்கள் இரண்டு. ஒன்று திரு இருதயப் படம், பெரியது. மற்றது அம்மா அப்பாவின் கல்யாணப் படம். கண்ணாடிக்கு என்ன செய்வது என்று பஸ்ஸில் ஒரு மணி நேரம் யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. இப்போது அது என் கண் முன்னால் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. என் மூளை உடனே அளக்கத் தொடங்கிவிட்டது. பெரியதை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் இரு பக்கங்கள். சின்னதைக் குறுக்கே வெட்டினால் இரு முனைகள். அளவு எடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது. அம்மா அழுததையும் பார்த்தேன், கண்ணாடியின் அகலத்தையும் பார்த்தேன். எது பெரிதாகத் தெரிந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். கண்ணாடிதான்.

அப்பா ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலை ஆலையிலிருந்து, வந்து பார்த்தபோது கல்யாணப் படம் வெறும் அட்டையாகச் சுவரில் நின்றது.

"ஏ, என்னா, என்னைய வெளிய எடுத்துட்டியா?"

"மாதாவுக்குக் கூடு செய்யப் போகுது புள்ள" என்றார் அம்மா.

"அது சரி. குளிருமே நம்ம ரெண்டு பேருக்கும். அன்னைக்கே ஒரு கோட்டு வாங்கிப் போட்டுப் படம் புடிச்சிருக்கலாம்."

"மாதாவுக்குக் குடுக்குறதுல கேலி பேசாதீங்க."

"நான் எங்க பேசுறேன்? தேயிலைப் பெட்டித் தகரம் கெடக்கு. நம்ம டீமேக்கர் ஐயாகிட்ட கேட்டுக் கொண்டாறேன்" என்றார் அப்பா. மறுநாளே கொண்டுவந்தார். உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகைகளும், அவற்றின் விளிம்பில் அடிக்கும் மடித்த தகரப் பட்டைகளும். கண்ணாடியின் மூலைகளைப் பிடிக்க அதைவிட நல்லது கிடையாது.

கண்ணாடி வெட்ட அட்டன் பஜாரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்குப் போனேன். முதலாளி திருச்சிப் பக்கத்துக்காரர். நெற்றியில் திருநீறு, காதில் பென்சில். நான் எழுதி வைத்திருந்த அளவைப் பார்த்தார்.

"மீன் தொட்டியா தாயி?"

அங்கேயும் ஒரு வாசல் திறந்தது. மீன் தொட்டி என்றால்கூடப் பாதி உண்மை. ஆனால் மேசையில் விரித்த பழைய தாளில் இருந்த கண்ணாடியின் ஓரத்தில் படத்தின் பசை ஒட்டியிருந்தது. படத்திலிருந்து கழற்றியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஏன் கழட்டுன?" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில், "மாதாவுக்குங்க. கூடு" என்றேன்.

"அப்பிடியா!" பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "உயரம் கம்மியா இருக்கே. சாமி நிக்கிற சாமிதானே?"

"நீளவாக்குல நிமித்தி வைக்கிறதுங்க" என்றேன். வாயில் வந்தது அது. பொய் சொல்லும்போது எனக்கு வேகம் கூடும்.

"அப்ப சரி. இது பின்பக்கம் பலகை, இது ரெண்டும் பக்கம், இது மேல, இது கீழ." விரலால் காற்றில் நிறுத்திக் காட்டினார். "முன்பக்கத்துக்கு? கதவுக்குக் கண்ணாடி எங்க?"

எலிக்கு அந்தப் பக்கம்தான் மேல் பக்கம். கம்பி வலை போட வைத்திருந்தேன், மூச்சு விட. அதைச் சொல்ல முடியாமல் நின்றேன். என்னிடம் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். உள்ளே போய், தன்னுடைய கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, அதே அளவுக்கு வெட்டி, விளிம்பைக் கல்லில் தேய்த்துக் கொடுத்தார்.

"வெட்டுக்கூலியும் வேணாம், இதுக்கும் வேணாம். எந்தக் கோயிலா இருந்தா என்னா தாயி. ஒங்கம்மாவ ஒரு மெழுகுவத்தி கொளுத்தச் சொல்லு, எங்க வீட்டு ஆளுக்கு ஒடம்பு சொகமில்ல."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால் ஏன் எதற்கு என்று பேச்சு வளரும்.

எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன். திருநாள் செப்டம்பரில். இப்போது மே மாதம்தான். அதுவரை எலி இருக்கட்டும். பிறகு கழுவி மாதாவுக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். சொரூபத்தின் உயரத்தை நான் அளக்கவே இல்லை என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

தோழி வீட்டுப் பின்புறத்தில் நான்கு சனிக்கிழமைகள் வேலை நடந்தது. பலகை அடி, தகர மூலை, கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவே பட்டி. ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த சுண்ணாம்புப் பசை அது. உருட்டி உருட்டி என் கை இரண்டும் நாறின. ஓரிடத்தில் கண்ணாடி சாய்ந்து தோழியின் விரலை வெட்டியது. அவள் சப்பிக்கொண்டே "மாதாவுக்கா எலிக்கா இந்த ரத்தம்?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் கேலியாகக் கேட்டாள், நானும் சிரித்தேன்.

அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சலித்த மண். மேலே காய்ந்த மானாப்புல். ஒரு மூலையில் சிரட்டை. நூல் உருண்டைக் கட்டையைக் கம்பியில் கோத்து ஒரு சக்கரம். எலியைப் பால்மா டின்னிலிருந்து இறக்கிவிட்டோம். நடுவில் அசையாமல் நின்றது. பிறகு கண்ணாடி ஓரமாக, நான் பஸ்ஸில் வரைந்த அதே இடத்தில், தோண்டத் தொடங்கியது. மண் பின்னால் பறந்தது. நாங்கள் இருவரும் வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு பார்த்தோம். சுரங்கம் கண்ணாடியை ஒட்டியே போய், சிரட்டைக்கு அடியில் திரும்பி, ஓர் அறையானது. அந்த அறைக்குள் புல்லை ஒவ்வொன்றாக இழுத்துப் போனது. அதன் முதுகு மண்ணுக்குள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

அது நல்ல கூடு. இதை மறைக்க முடியாது. நான் அதுவரை செய்தவற்றில் சரியாக வந்த முதல் பொருள் அதுதான். அடுத்த தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்தார்கள். தோழியின் அண்ணன்கூடக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க எடத்துல எலிக்கு இந்த வசதி இல்ல" என்றார்.

வீட்டில் அம்மா ஒவ்வொரு மாலையும் கேட்டார். "காஞ்சிருச்சா புள்ள?"

"இல்லம்மா. பட்டி காயல. குளிருக்கு லேசுல காயாது."

பட்டி உண்மையிலேயே லேசில் காயாது. அதனால் அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. ஜூன் போனது. ஜூலையில் மழை இறங்கியது. அம்மா பிளாஸ்டிக் உறையை இரண்டாக்கி, கல் வைத்துக் கட்டினார். "இன்னும் கொஞ்ச நாளுங்க" என்று மாதாவிடம் சொல்வதை ஒருமுறை கேட்டேன். கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆகஸ்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, நான் தோழி வீட்டுப் பின்புறத்தில் எலிக்குப் புல் மாற்றிக்கொண்டிருந்தேன். முன்வாசலில் பேச்சுக் கேட்டது. அடுத்த காம்பராச் சின்னம்மாவின் குரல். எங்கள் லயத்தில் எல்லோருடைய கதையும் அவர் வழியாகத்தான் போகும். சின்னம்மா மருந்தெடுக்க வந்திருக்கிறார். துணைக்கு அம்மா வந்திருக்கிறார். வந்த இடத்தில் கூட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தோழியின் தாயாருக்கு ஒன்றும் தெரியாது. "கூடா? வாங்க வாங்க. ஊரே வந்து பாத்துட்டுப் போகுது" என்று அழைத்து வந்துவிட்டார்.

அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார். கையில் ஒரு பொட்டலம். என்னைப் பார்த்துச் சிரித்தபடியே பிரித்தார். வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் பின்னிய ஒரு சதுரத் துணி. மாதாவின் காலடியில் விரிக்க. எப்போது பின்னினார் என்று எனக்குத் தெரியாது. நான் படிக்கும் மேசைக்குக் கீழேதான் உட்கார்ந்து பின்னியிருக்க வேண்டும்.

பிறகு கூட்டைப் பார்த்தார். முதலில் எலி அவர் கண்ணில் படவில்லை. அது சிரட்டைக்குள் இருந்தது. அம்மா கையை விரித்து, சாணால் உயரத்தை அளந்தார். ஒரு சாண், அதற்கு மேல் கொஞ்சம்.

"சின்னதா இருக்கே. மாதா எப்பிடிம்மா நிப்பாங்க?"

"மாதாவப் படுக்க வைக்கப் போறியா புள்ள?" என்று சின்னம்மா சிரித்தார். "பாவம், அவங்களுக்கும் கால் கடுக்கும்."

அந்த நேரம் பார்த்து எலி வெளியே வந்தது. கண்ணாடி ஓரமாக வந்து, பின்னங்காலில் நின்று, கண்ணாடியில் கை வைத்தது. அம்மாவுக்கும் அதற்கும் நடுவில் இருந்தது கல்யாணப் படத்துக் கண்ணாடி.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு எப்போதும் வாயில் வருமே, அன்று ஒன்றும் வரவில்லை. கையில் அழுக்குப் புல்லை வைத்துக்கொண்டு நின்றேன். சின்னம்மாவின் சிரிப்பு மெதுவாக நின்று, அவர் முகம் கதை கேட்கத் தயாராகும் முகமாக மாறியது.

"இது மாதிரிக்குச் செஞ்சது" என்றார் அம்மா. "மொதல்ல சின்னதா ஒன்னு செஞ்சு பழகணுமில்ல? பெரிய கூடு அப்புறம் வரும்."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கங்காணியிடம் ஒரு நாள் சுகமில்லை என்று சொல்லக்கூடத் தயங்குவார். என் அளவுக்கு வேகமாக, ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார். பின்னிய துணியை மடித்தார். முதலில் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்தார். பொட்டலத்தில் வைத்தார்.

வாசலைத் தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்து, "குளிராதா அதுக்கு?" என்றார். குத்தலாக இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"குளிராதும்மா. புல்லு இருக்கு."

"சரி."

இவ்வளவுதான் நடந்தது. வீட்டில் அம்மா அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அடித்திருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். மாதா அந்தத் திருநாளுக்கு உரப் பை உறையோடுதான் நின்றார். பூசைக்கு வந்த சுவாமியார் கேட்டபோது, "பெரிய கூடு வரும் சாமி, புள்ள செய்யிது" என்றார் அம்மா, எல்லோர் முன்னாலும்.

அந்தச் சொல் லயத்தில் தங்கிவிட்டது. ஓட்டைக் கூரைக்கு எப்போது தகரம் மாற்றுவார்கள்? "பெரிய கூட்டோட வரும்." தண்ணீர்க் குழாய்? "பெரிய கூடு வந்த கையோட." ஒருவர் கடனைத் திருப்பித் தருகிறேன் என்றால், "பெரிய கூட்டுல வச்சுக் குடுங்க." சின்னப் பிள்ளைகள் காரணம் தெரியாமலே சொல்லித் திரிந்தார்கள். பெரட்டுக் களத்தில், காலை ஆள் எடுக்கும்போது, அம்மாவை வைத்துக்கொண்டே சொல்வார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பதாக அப்பா சொன்னார்.

ஏழு வருடம். ஏழு திருநாள். எனக்கு நேரமில்லாமல் இல்லை. அந்த ஏழு வருடத்தில் நான் ஒரு ரேடியோ செய்தேன், அது இரண்டு நாள் பாடியது. மழை அளக்கும் கருவி செய்தேன். சிங்களத்தில் கடிதம் எழுதப் பழகினேன். உயர்தரத்தில் ஒரு தடவை தவறி, மறு தடவை சித்தியடைந்து, இப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஓட்டமாக இறங்கினேன். இந்த ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் முதலில் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சட்டக்கடை முதலாளியிடமும் போகவில்லை. கடைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில்தான் போவேன். ஒருநாள் அவர் கை காட்டிக் கூப்பிட்டு, "எப்பிடி தாயி, மாதா சௌகரியமா இருக்காங்களா?" என்றார். "இருக்காங்க" என்றேன். அவர் வீட்டு ஆளுக்கு எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருடம் கடையைக் கைமாற்றிவிட்டுக் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். குடும்பத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது.

எலி, அது நன்றாக வாழ்ந்தது. ஒன்றே முக்கால் வருடம், கொழுத்து, மினுமினுத்து, ஒரு நாள் தன் அறையிலேயே சுருண்டு செத்துக் கிடந்தது. கல்யாணப் படம்தான் கெட்டுப்போனது. கண்ணாடி இல்லாமல் அடுப்புப் புகையும் பனியும் பட்டு, அப்பாவின் முகம் இருக்கிறது, அம்மாவின் முகத்தில் பாதி பழுப்பாகிவிட்டது. "நான் சொன்னேன்ல, குளிருமுன்னு" என்பார் அப்பா.

போன மாதம் தோழி கல்யாணமாகி பொல்பிட்டியப் பக்கம் போனாள். வீட்டை ஒழித்தபோது கூட்டை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அது எங்கள் இஸ்தோப்பில், காம்பராவின் முன் ஒட்டுத் திண்டில் இருந்தது. அம்மா அதைப் பீலிக்கு, மலைத் தண்ணீர் விழும் குழாயடிக்கு, கொண்டுபோய், மண்ணைக் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். கம்பி வலையைக் கழற்றிச் சுருட்டித் தனியே வைத்திருந்தார். தண்ணீர் வடிவதற்காக அதை முனையில் நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்.

பலகை பின்னால், இரு பக்கமும் கண்ணாடி, மேலும் கீழும் கண்ணாடி, முன்பக்கம் திறந்து. முதலாளி காற்றில் விரலால் காட்டிய அதே நிலை.

அம்மா உள்ளேயிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கண்ணாடிக்கு என்ன புள்ள, கழுவுனா போச்சு" என்றார்.

தண்ணீர் வடியத்தான் நிறுத்தினாரா, வேறு எதற்காகவாவதா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை. ஆனால் அன்று மாலை, யாரும் இல்லாதபோது, ஒரு நூலை எடுத்துக்கொண்டு லயத்துக் கோடிக்குப் போனேன். பிளாஸ்டிக்குக்குள் கையை விட்டு, பாம்பின் அடியிலிருந்து முடியின் நுனிவரை அளந்தேன். நூலைக் கொண்டுவந்து கூட்டில் வைத்தேன். முடி நான்கு விரல் வெளியே நிற்கிறது. மறுநாள் அளந்தபோது மூன்று விரல்தான். ஒற்றைக் கையால் பிடித்தால் நூல் கீழே நழுவிவிடுகிறது.

நான்கோ மூன்றோ, வழி இருக்கிறது. மேல் முனைக் கண்ணாடியைப் பட்டியைச் சுட வைத்துக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூரை மாதிரி இரண்டு சரிவு எழுப்பலாம். சரிவுக்குத் தேயிலைப் பெட்டித் தகரம். முன்னும் பின்னும் முக்கோணத்துக்கு, கழற்றிய அந்தக் கண்ணாடியையே வெட்டிக்கொள்ளலாம். முன்பக்கக் கதவுக்கு முதலாளி கொடுத்த கண்ணாடி இருக்கிறது. ஏழு வருடமாக என் பெட்டியடியில், பழைய தாளில் சுற்றியபடி, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. எடுத்து வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது. கண்ணாடி வெட்டும் உளி ஒன்று வாங்கி, உடைந்த சன்னல் துண்டுகளில் கோடு கிழித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேர்க்கோடு வருகிறது. முக்கோணத்தின் நுனி இன்னும் உடைகிறது.

பார்த்தீர்களா, இதை எழுதும்போதே எனக்கு வேகம் வந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. அதனால் இந்த முறை வரிசையை மாற்றப்போகிறேன். உளியும் பட்டியும் பிறகு. இந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு அரை நாள் வேலைதான். வந்து, குளித்து, தேநீர் குடித்த பிறகு, லயத்துக் கோடிக்குக் கூப்பிடப்போகிறேன். நூலின் கீழ் முனையை, பாம்பின் அடியில், அம்மாவைப் பிடிக்கச் சொல்லப்போகிறேன். எதற்கு என்று கேட்பார். அப்போது, "அம்மா, அன்னைக்கு நான் கூடுன்னு சொன்னது எலிக்குத்தான்" என்று தொடங்க வேண்டும். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் மேல் முனையை நான் பிடிப்பேன்.